கல்லூரிக் கட்டணத்தைப் பின்னாள் சம்பளத்தில் பங்காகக் கட்டும் முறை நம் நெல்லை மாவட்டத்துக்கு ஒத்துவருமா?

பாளை வாத்தியார்

பொறியியல் கலந்தாய்வில் இடம் கிடைத்த பிள்ளைகளின் பெற்றோர், ஒதுக்கீட்டு ஆணையும் கட்டண விவரச் சீட்டுமாக வங்கிக்கும், கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் கல்விக்கடன் முகாமுக்கும் அலைகிற பருவம் இது. படிக்கும்போது எதுவும் கட்டாமல், வேலைக்குப் போனபின் சம்பாத்தியத்தில் ஒரு பங்காகத் திருப்பிக் கட்டும் முறை சில நாடுகளில் நெடுநாளாக நடப்பில் இருக்கிறது. அதை இங்கே நிதானமாகப் பேசிப் பார்க்கலாம்.

ஆஸ்திரேலியா 1989-இல் இதைத் தொடங்கியது. புரூஸ் சாப்மன் என்ற பொருளியலாளர் வகுத்துக் கொடுத்த அந்தத் திட்டத்தில், கட்டணத்தை அரசே கல்லூரிக்குக் கட்டிவிடும். மாணவர் பெயரில் அது கடனாக நிற்கும். அவருடைய ஆண்டு வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகுதான் வரித்துறை பிடித்தம் செய்யத் தொடங்கும். 2025-26-இல் அந்த வரம்பு 67,000 டாலர். அதைத் தாண்டி ஈட்டும் டாலர் ஒவ்வொன்றுக்கும் முதற்கட்டமாக 15 சென்ட் பிடிக்கிறார்கள். இங்கிலாந்தில் வரம்புக்கு மேற்பட்ட வருமானத்தில் 9 விழுக்காடு கட்ட வேண்டும். 2023 முதல் படிக்கச் சேர்ந்தவர்களுக்கு 40 ஆண்டு கழித்தும் பாக்கி இருந்தால் அது தள்ளுபடியாகிவிடும்.

தாமிரபரணிப் பாசனத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கவே வேண்டாம். வங்கிக் கடன் என்பது குத்தகை. பிசான நெல் விளைந்தாலும் சாவியாகப் போனாலும் பேசிய நெல்லை அளந்தே ஆக வேண்டும். நான் சொல்வது வாரம். விளைந்ததில் பங்கு, விளையாவிட்டால் இரு தரப்புக்கும் நட்டம். வேலை கிடைக்குமா, கிடைத்தால் என்ன சம்பளம் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாத ஒரு படிப்புக்கு, பதினேழு வயதுப் பிள்ளையைக் குத்தகைக்குக் கையெழுத்துப் போடச் சொல்வது நியாயமா என்பதே என் கேள்வி.

அம்பை ஓய்வூதியர்

நான் வங்கியில் கடன் பிரிவில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால், இப்போதைய முறையின் கணக்கை வைக்கிறேன். நான்காண்டுப் படிப்புக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் 4 லட்சம் கடன், வட்டி 10 விழுக்காடு என்று கொள்வோம். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கிடையாது. ஆனால் அந்தக் காலத்துக்குத் தனிவட்டி ஏறிக்கொண்டிருக்கும். முதல் லட்சத்துக்கு 50,000, அடுத்ததற்கு 40,000 என்று கூட்டினால் 1,40,000 ரூபாய். ஆகத் தவணை தொடங்கும் நாளில் கடன் 5,40,000. பத்தாண்டில் அடைப்பதென்றால் மாதம் ஏறத்தாழ 7,100 ரூபாய், பதினைந்து ஆண்டென்றால் 5,800 ரூபாய். முதல் வேலையில் 15,000 சம்பளம் வாங்கும் பையன், சென்னையிலோ ஓசூரிலோ அறை வாடகை கொடுத்துவிட்டு இதை எப்படிக் கட்டுவான்?

குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், விதிகளுக்கு உட்பட்ட தொழிற்படிப்புகளுக்கு அந்த இடைக்கால வட்டியை மத்திய அரசு ஏற்கிறது. அப்போது தவணை சுமார் 5,300-க்கு இறங்கும். 2024 நவம்பரில் வந்த வித்யாலட்சுமி திட்டம் 8 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்கு 3 விழுக்காடு வட்டிச் சலுகை தருகிறது என்றாலும், தரவரிசையில் முன்னிற்கும் நிறுவனங்களின் பட்டியலுக்கு வெளியே சேர்ந்தவருக்கு அதனால் பயன் இல்லை. ஆக, வட்டியில் சலுகை உண்டு, காலத்தில் சலுகை உண்டு. வேலையே இல்லாதவனுக்கு என்ன செய்வது என்ற ஒன்றுக்கு மட்டும் வங்கியின் படிவத்தில் கட்டம் கிடையாது. கிளை மேலாளர் மனது வைத்தால் தவணையை மாற்றி அமைக்கலாம், அவ்வளவுதான்.

முக்கூடல் தம்பி

அண்ணாச்சி சொன்ன கணக்கில் விட்டுப்போன ஒன்று உண்டு. கல்விக்கடனில் பெற்றோரும் கூட்டுக் கடனாளி. எங்கள் வீட்டில் அந்தக் கையெழுத்தைப் போட்டது அம்மா. மடியில் பீடித்தட்டோடு உட்கார்ந்து இலை வெட்டிக்கொண்டிருந்தவரிடம் தாள்களை நீட்டினேன். கையில் ஒட்டியிருந்த தூளைச் சேலையில் துடைத்துவிட்டு, காட்டிய இடத்திலெல்லாம் போட்டார். நான் படிப்பு முடித்து வேலை இல்லாமல் இருந்த காலத்தில் வங்கியிலிருந்து வந்த அறிவிப்பில் என் பெயருக்குக் கீழே அவர் பெயரும் இருந்தது. பிறகு மகளிர் குழுவில் அவர் கேட்ட கடனுக்கும், தவறிய தவணையைக் காட்டித் தடை சொன்னார்கள்.

வாத்தியார் சொல்லும் முறையில் கடன் படித்தவன் தலையோடு நிற்கும் என்றால், அந்த ஒரு காரணத்துக்காகவே நான் ஆதரிப்பேன். சம்பளத்தில் எத்தனை விழுக்காடு என்பதெல்லாம் எனக்கு இரண்டாம் பேச்சு.

சேரன்மகாதேவி ஆசிரியை

இந்த யோசனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 1974 முதல் பல்கலைக்கழகக் கட்டணமே இல்லாமல் இருந்தது. 1989-இல் வந்த திட்டம், இலவசமாக இருந்ததை மறுபடி கட்டணத்துக்குக் கொண்டுவந்த திட்டம். இங்கிலாந்தில் 1998-இல் ஆண்டுக்கு 1,000 பவுண்டு என்று தொடங்கியது 2006-இல் 3,000 ஆகி, 2012-இல் 9,000 வரை போனது. "இப்போது யாரும் கட்ட வேண்டாம், பிறகு சம்பாதிக்கும்போது கட்டினால் போதும்" என்ற சமாதானம் கையில் இருந்ததால்தான் அவ்வளவு உயர்த்த முடிந்தது என்று நான் கருதுகிறேன். கட்டும் வலி உடனே தெரியாத இடத்தில் கட்டணத்துக்குக் கடிவாளம் இருக்காது.

தமிழ்நாடு வேறு பாதையில் வந்திருக்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு 2010 முதல் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்து 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் தொழிற்படிப்புக்குப் போகும் பிள்ளைகளின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. புதுமைப்பெண் 2022-இலும் தமிழ்ப்புதல்வன் 2024-இலும் வந்து, மாதம் 1,000 ரூபாய் நேராக அவர்கள் கணக்கில் விழுகிறது. இவற்றையெல்லாம் நாளைக்கு ஒரு நிதித்துறைச் செயலர் கூட்டிப் பார்த்து, "இனி இதையும் கடனாக எழுதிக்கொள்வோம், சம்பாதித்தால் தரட்டும்" என்றால், நாம் இன்று எழுதுவதையே அவர் மேற்கோள் காட்டுவார். கல்வி சமூகத்தின் கடமை. அதைத் தனி மனிதனின் கணக்கில் எழுதத் தொடங்கினால் திரும்பி வருவது கடினம்.

ரத வீதிக் கணக்கர்

டீச்சர் கொள்கையைப் பேசுகிறார்கள். நான் நடைமுறையைப் பேசுகிறேன். வாரத்துக்கு விட்டவர் அறுவடை அன்று களத்தில் நிற்க வேண்டும். சூடடித்து, தூற்றி, பொலி அளக்கும்வரை கண் வைத்திருந்தால்தான் பங்கு வந்துசேரும். பட்டதாரியின் களத்தில் யார் நிற்பது? ஆஸ்திரேலியாவில் வரித்துறை நிற்கிறது. இங்கே 2025-26 முதல் புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரியே இல்லை. நம் பகுதியிலிருந்து படித்துப் போகிறவர்களில் பெரும்பாலோர் முதல் பத்தாண்டில் அந்த எல்லையின் பக்கமே வரமாட்டார்கள். அவர்களைக் கவனித்துக்கொண்டிருக்க வரித்துறைக்கு என்ன காரணம் இருக்கிறது?

வருங்கால வைப்புநிதி இருக்கிறதே என்பீர்கள். இருபது பேராவது வேலை செய்யும் இடத்தில்தான் அது கட்டாயம். அதுவும் 15,000 ரூபாய்ச் சம்பளம் வரை. ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு பத்துப் பேர் இருந்தாலே வரும், அதற்கு எல்லை 21,000. நான் கணக்கு எழுதும் கடைகளில் பி.காம். முடித்த பிள்ளைகள் பில் போடுகிறார்கள், ஸ்டாக் பார்க்கிறார்கள். சம்பளம் 18,000 என்றால் 9,000 பதிவேட்டில் ஏறும். மிச்சத்துக்கு ஒரு வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கவரில் போட்டுக் கொடுப்பார்கள். சில சுயநிதிக் கல்லூரிகளில் விரிவுரையாளர் நிலைமை இதற்குத் தலைகீழ்: ஏட்டில் அதிகம், கையில் குறைவு. அந்த ஆசிரியரிடம் ஏட்டுச் சம்பளத்தைக் காட்டிப் பங்கு கேட்டால் அவர் எங்கே போவார்?

மேலப்பாளையம் செவிலி

எங்கள் தெருவில் படித்த ஆண்கள் பலரும் என்னைப் போன்ற செவிலியரும் வளைகுடாவில்தான் இருக்கிறோம். எங்கள் சம்பளம் இந்திய வரித்துறையின் கண்ணில் படாது. ஆனால் அந்தப் பணம் மாதாமாதம் ஊரிலுள்ள வங்கிக் கணக்குக்குத்தான் வருகிறது. ஆஸ்திரேலியாவும் இதே சிக்கலில் நெடுநாள் இருந்துவிட்டு, 2017 முதல் வெளிநாட்டில் வாழும் தன் பட்டதாரிகளும் அங்குள்ள வருமானத்தைத் தெரிவித்துக் கட்ட வேண்டும் என்று சட்டம் செய்தது. நன்றாகச் சம்பாதிக்கிற நாங்கள் தப்பித்துவிட்டு, பாளையங்கோட்டை மருத்துவமனையில் குறைந்த சம்பளத்துக்கு இரவுப்பணி பார்க்கும் என் தோழி மட்டும் கட்டுகிற திட்டமாக அது ஆகிவிடக் கூடாது.

பாளை வாத்தியார்

கணக்கர் கேட்ட கேள்வி சரியான இடத்தில் கேட்கப்பட்ட கேள்வி. அதோடு இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். அண்ணாச்சியின் 5,40,000 ரூபாயையே எடுத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 25,000-ஐத் தாண்டினால், தாண்டிய தொகையில் 10 விழுக்காடு பிடிப்பது என்று விதி வைக்கிறோம். 40,000 வாங்குகிறவர் 15,000-க்கு 1,500 கட்டுவார், ஆண்டுக்கு 18,000. வங்கி வட்டி 10 விழுக்காடு என்றால் அந்த ஆண்டின் வட்டியே 54,000. கட்டக் கட்டக் கடன் வளரும். விலைவாசி உயர்வு அளவுக்கு மட்டும் வட்டி, அதாவது 5 விழுக்காடு என்று வைத்தாலும் 27,000, அப்போதும் எட்டாது. விதியை மாற்றி, வரம்பைத் தாண்டியவரிடம் மொத்தச் சம்பளத்திலும் 8 விழுக்காடு பிடித்தால் ஆண்டுக்கு 38,400 வரும்; 5 விழுக்காட்டு வட்டியில் கடன் மெல்லக் கரையும், 10 விழுக்காட்டில் அதுவும் கரையாது. மொத்தச் சம்பளத்தில் பிடிக்கும் முறைக்கு வேறொரு குறை உண்டு. 24,900 வாங்குகிறவர் ஒன்றும் கட்டமாட்டார். 25,100-க்கு உயர்ந்தவர் 2,000 ரூபாயை இழப்பார். ஆஸ்திரேலியா இத்தனை காலம் மொத்த வருமானத்தில் பிடித்துவந்துவிட்டு இப்போது வரம்புக்கு மேற்பட்டதில் மட்டும் பிடிக்க மாறியதற்கு இந்தப் படுகுழியும் ஒரு காரணம்.

ஆகவே வருமானத்தோடு இணைத்த கடன் என்பது வட்டியில் அரசு பெரும்பங்கை ஏற்றால்தான் நிற்கும். அங்கேயும் அது தானாக நிற்கவில்லை. 2023-இல் விலைவாசியோடு சேர்ந்து ஆஸ்திரேலியக் கடன்கள் ஒரே நாளில் 7.1 விழுக்காடு உயர்ந்து பெரும் கூச்சல் எழுந்தது. பிறகு கூலி உயர்வு, விலை உயர்வு இரண்டில் எது குறைவோ அதைக் கொள்வதென்று மாற்றி, 2025-இல் எல்லார் கடனிலும் 20 விழுக்காட்டைக் குறைத்தார்கள். தாய்லாந்து 2006-இல் இத்தகைய திட்டத்தைத் தொடங்கி விரைவிலேயே கைவிட்டது.

முக்கூடல் தம்பி

இதற்கிடையில் தனியார் தொடங்கிவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். "இப்போது கட்டணம் இல்லை, வேலை கிடைத்தபின் கட்டுங்கள்" என்று நிரலாக்கப் பயிற்சிக்கு ஆள் பிடிக்கும் விளம்பரங்கள் என் கைப்பேசியில் ஓயாமல் வருகின்றன. என் நண்பன் ஒருவன் அப்படிப்பட்ட ஓரிடத்தில் ஒப்பந்தம் போட்டான். ஐந்திலக்கச் சம்பளத்துக்கு எந்த வேலை வந்தாலும் "வேலை கிடைத்துவிட்டது" என்பது அதிலே அச்சாகியிருந்தது; அவன் படித்த துறையில் கிடைத்த வேலையா என்ற பேச்சே இல்லை. வாடிக்கையாளர் சேவை மையத்தில் சேர்ந்த மாதமே பிடித்தம் தொடங்கிவிட்டது. இதுவும் வாத்தியார் சொன்ன வாரம்தானா?

களக்காட்டு வழக்கறிஞர்

தம்பி கேட்டதற்கு விடை: வாரம்தான், ஆனால் சட்டம் தொடாத வாரம். மனிதரின் வருங்கால உழைப்பில் பங்கு வாங்கலாம் என்ற எண்ணத்தை 1955-இல் மில்டன் ஃப்ரீட்மன் எழுதியபோது, பொருளியல் நோக்கில் இது பகுதி அடிமைத்தனத்துக்கு ஒப்பாகும் என்பதையும் அவரே எழுதினார். யேல் பல்கலைக்கழகம் 1971-இல் மாணவர்களைக் குழுவாகச் சேர்த்து, குழுவின் மொத்தக் கடன் தீரும்வரை ஒவ்வொருவரும் வருமானத்தில் பங்கு கட்ட வேண்டும் என்று நடத்திப் பார்த்தது. நன்றாகச் சம்பாதித்தவர்கள் கூடுதல் தொகை கட்டி விலகினார்கள். சிலர் கட்டவே இல்லை. ஒழுங்காகக் கட்டியவர்கள் ஆண்டுக்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். கடைசியில் பல்கலைக்கழகமே எஞ்சியதைத் தள்ளுபடி செய்தது. பர்டியூ பல்கலைக்கழகம் 2016-இல் தொடங்கி 2022-இல் நிறுத்தி வைத்த திட்டத்தில், இலக்கியம் படிப்பவரிடம் பொறியியல் படிப்பவரைவிடக் கூடுதல் விழுக்காடு கேட்டார்கள். குறைந்த சம்பளம் வரும் படிப்புக்குக் கூடுதல் பங்கு என்றால், நம் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தமிழோ வரலாறோ படிக்கும் பிள்ளைக்கு அது என்ன பதில் சொல்கிறது என்று பாருங்கள்.

தம்பியின் நண்பருக்கு நடந்தது அமெரிக்காவில் பெரிய அளவில் நடந்தது. லாம்டா ஸ்கூல் என்று தொடங்கிப் பின்னர் புளூம்டெக் என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம், ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல் சம்பாதித்தால் 24 மாதம் 17 விழுக்காடு, உச்சமாக 30,000 டாலர் என்று ஒப்பந்தம் போட்டது. அது கடனே அல்ல என்று சொல்லியே விற்றது. 2024 ஏப்ரலில் அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு, அது கடன்தான், வேலைவாய்ப்பு விகிதத்தையும் மிகைப்படுத்தியிருக்கிறார்கள் என்று முடிவுகட்டி, நுகர்வோர்க்குக் கடன் கொடுக்க அதற்குத் தடை விதித்தது.

நிலத்தில் வாரத்தை நிலக்காரரின் விருப்பத்துக்கு இந்த மாநிலம் விட்டுவிடவில்லை. 1956-இல் நியாய வாரச் சட்டம் வந்தது. இன்ன அளவுக்கு மேல் கேட்கக் கூடாது என்று அது எல்லை கட்டியது. உழைப்பில் வாரம் கேட்பவருக்கும் அப்படி ஓர் எல்லை தேவை: எத்தனை விழுக்காடு, எத்தனை ஆண்டு, மொத்தம் எவ்வளவு, வேலை என்றால் எந்த வேலை.

பெண்களைப் பற்றியும் ஒன்று. என்னிடம் வரும் வரன் பேச்சுத் தகராறுகளில், பெண் பெயரில் கல்விக்கடன் பாக்கி இருப்பதை மாப்பிள்ளை வீட்டார் நகைப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பேசுகிறார்கள். படித்து முடித்த பெண் திருமணத்துக்குப் பின் வேலைக்குப் போகாவிட்டால், வருமானத்தோடு இணைத்த முறையில் அவள் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. இதைச் சலுகை என்று மகிழலாம். ஆனால் வீட்டிலிருப்பவளின் கணக்கு உறங்கிக்கொண்டிருக்க, அவள் வேலைக்குப் போன நாளில் அது விழித்துக்கொள்ளும் என்றால், "இருக்கட்டும், நீ போக வேண்டாம்" என்று சொல்ல வீட்டாருக்கு இன்னொரு காரணமும் கிடைத்துவிடுகிறது. நியூசிலாந்து 2006 முதல் உள்நாட்டில் வாழும் பட்டதாரிகளின் கடனுக்கு வட்டியே இல்லை என்று வைத்தது. உறங்கும் காலத்தில் கடன் வளராமல் இருக்க வேண்டும் என்பதே பெண்களைப் பொறுத்தவரை முதன்மையான நிபந்தனை.

அம்பை ஓய்வூதியர்

எல்லாவற்றையும் படித்தபின் எனக்குப் படுவது இது. பங்கு என்ற பகுதி நமக்கு வேண்டாம். களத்தில் நிற்க ஆள் இல்லாத ஊரில் அது ஒழுங்காகச் சம்பளச் சீட்டு வாங்குபவனை மட்டுமே பிடிக்கும். ஆனால் விளையாத ஆண்டில் அளக்க வேண்டாம் என்ற பகுதி வேண்டும். அதற்குப் புதிய திட்டமோ புதிய துறையோ தேவையில்லை; இருக்கிற கல்விக்கடன் விதியில் சில வரிகளை மாற்றினால் போதும். 7.5 லட்சம் வரையிலான கடனுக்குப் பிணை வேண்டாம் என்று ஏற்கெனவே இருக்கிறது. கடன் திரும்பாமல் போனால் அரசின் உத்தரவாத நிதியும் அதில் 75 விழுக்காட்டைத் தாங்குகிறது. வங்கி முழுகிப்போகாது.

முகாம் நடக்கும் நாளில் ஆட்சியரிடமும், பிறகு நாடாளுமன்ற உறுப்பினரிடமும் கொடுக்க ஒரு மனு எழுதலாம் என்று நினைக்கிறேன். ஒன்று, படிப்பு முடிந்து ஓராண்டு என்ற காலவரையறைக்குப் பதிலாக, கடன் வாங்கியவரின் மாத வருமானம் 25,000-ஐத் தொடும்வரை தவணை கேட்கக் கூடாது. இரண்டு, அந்தக் காத்திருப்புக் காலத்துக்கு வட்டிச் சலுகை நீள வேண்டும். மூன்று, தவணை எந்த மாதத்திலும் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. நான்கு, 7.5 லட்சம் வரை பெற்றோரின் கூட்டுக் கையெழுத்து கூடாது.

ரத வீதிக் கணக்கர்

வருமானம் 25,000-ஐத் தொடவில்லை என்று யார் சான்று தருவது அண்ணாச்சி? வட்டாட்சியர் அலுவலக வருமானச் சான்றிதழ் என்றால் என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அவரவர் வங்கிக் கணக்கின் ஓராண்டு வரவும், வைப்புநிதிக் கணக்கின் பதிவும் போதும், இரண்டில் எது அதிகமோ அது என்று எழுதுங்கள். கவரில் வாங்குகிறவர்கள் கொஞ்சம் தப்பிப்பார்கள்தான். 18,000 வாங்குகிறவன் தப்பித்தால் எனக்கு வருத்தம் இல்லை. ஏட்டில் மட்டும் கூடுதல் சம்பளம் வாங்கும் விரிவுரையாளர்களுக்கு மறுப்புத் தெரிவிக்க ஒரு வழி வேண்டும். அதையும் சேர்க்க வேண்டும்.

சேரன்மகாதேவி ஆசிரியை

இந்த வடிவத்தில் என்றால் நானும் கையெழுத்திடுகிறேன், ஒரு வாக்கியத்தை முதலிலேயே சேர்த்தால்: "இப்போது அரசு ஏற்றுவரும் கட்டணச் சலுகை எதையும் இந்த ஏற்பாட்டைக் காட்டிக் கடனாக மாற்றக் கூடாது." இது மனுவின் கடைசிப் பக்கத்தில் அல்ல, கோரிக்கைகளுக்கு முன்னால் வர வேண்டும்.

மேலப்பாளையம் செவிலி

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள் அண்ணாச்சி. இங்குள்ள சம்பளத்தை நாங்களே ஆண்டுக்கு ஒருமுறை வங்கிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் பழைய தவணைமுறைக்கே திரும்பிவிடும் என்று இருந்தால் யாரும் மறைக்கமாட்டார்கள். பழைய தவணை எங்கள் சம்பளத்துக்குப் பெரிய தொகை அல்ல, அதனால் வங்கிக்கும் நட்டமில்லை.

அம்பை ஓய்வூதியர்

மூவர் சொன்னதையும் சேர்த்துவிட்டேன். மூன்றாம் கோரிக்கையின்படி பத்தில் ஒரு பங்கு கட்டி, பதினைந்து ஆண்டு முடிந்தும் பாக்கி நிற்கிறவருக்கு என்ன செய்வது என்பது மட்டும் எழுதாமல் இருக்கிறது. உத்தரவாத நிதி அதை ஏற்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். சட்டப்படி அதை எப்படிச் சொல்வது என்று வழக்கறிஞர் அம்மா ஒரு பத்தி எழுதித் தந்தால், வரைவு முழுவதையும் இங்கேயே இடுகிறேன்.

களக்காட்டு வழக்கறிஞர்

எழுதித் தருகிறேன். அதற்கு முன் அந்த உத்தரவாத நிதியின் விதிகளில் "வாராக்கடன்" என்று எதைச் சொல்கிறார்கள் என்பதன் நகல் எனக்கு வேண்டும். பாக்கியை நிதி ஏற்றாலும், அந்தப் பிள்ளையின் கடன் வரலாற்றில் தவறியவர் என்ற குறிப்பு நின்றுவிட்டால், தம்பியின் அம்மாவுக்கு நேர்ந்ததுதான் அடுத்து அந்தப் பிள்ளைக்கும் நேரும்.